தரையில் நின்று ஏறும் சாரம்



மெய்நிகர்ப் பயிற்சி நிறுவனம் ஒன்றில் பணிபுரியும் எங்கள் நால்வரையும் அழைத்து, "அங்கே நீங்கள் செய்வதுதான் என்ன?" என்று நம் சங்கம் வினவியுள்ளது. எங்கள் வீட்டாரும் இவ்வினாவையே எழுப்பி வருகின்றனர். "விளையாட்டுச் சாமான் செய்யும் கம்பெனி" என்பது அவர்கள் கண்டுள்ள விடை.

தலையில் அணியும் கருவி ஒன்று. எடை ஏறக்குறைய 500 கிராம். அதனுள் இரு கண்களுக்கும் சற்றே வேறுபட்ட இரு படங்கள். தலை திரும்பும் பக்கமெல்லாம் காட்சியும் திரும்பும். அணிந்தவர் நிற்பது வெறுந்தரையில். அவர் காண்பதோ 12 மீட்டர் உயரச் சாரத்தின் உச்சி. கருத்து புதியதன்று. ஐவன் சதர்லாந்து என்பார் 1968-இலேயே இத்தகைய கருவியை அமெரிக்காவில் செய்து காட்டினார். அதனைக் கூரையோடு பிணைக்க வேண்டியிருந்தது. இம்முறையால் பயனுண்டா என ஐயுறுவோர்க்கு ஒன்று கூறுவோம். யேல் பல்கலைக்கழகத்தார் 2002-இல் வெளியிட்ட ஆய்வில், 16 பயிற்சி மருத்துவருள் மெய்நிகர் முறையில் பழகியவர்கள், பித்தப்பையைப் பிரித்தெடுக்கும் வேலையை ஏனையோரினும் 29 விழுக்காடு விரைவாகவும், மிகக் குறைந்த பிழைகளோடும் முடித்தனர்.

எங்கள் அன்றாடப் பணியில் பெரும்பகுதி சோதனை. ஏறுகிறோம் என்று கண் சொல்லும். நிற்கிறோம் என்று உட்செவி சொல்லும். இவ்விரண்டுக்கும் நடுவே வயிறு துன்புறும். கணிப்பொறிக்கு அருகே எங்கள் மேசைதோறும் எலுமிச்சம்பழம் இருப்பது இதனால்தான்; திருஷ்டிக்காக அன்று.

உயரத்தில் ஏறுவோர்க்கான பயிற்சி ஒன்றைச் சாக்கன் பகுதித் தொழிற்சாலை ஒன்றுக்காக அமைத்தோம். ஏறுபவரின் பாதுகாப்புப் பட்டையில் இரு கொக்கிகள் இருக்கும். ஒன்றை மேலே மாட்டிய பின்னரே மற்றதைக் கழற்ற வேண்டும். இதனைப் படமாக வரைவது எளிது. ஆயினும் முப்பதாண்டு சாரம் கட்டிய முதியவர் ஒருவரை அழைத்துக் காட்டியபோது, அவர் கருவியைக் கழற்றிவிட்டுச் சொன்னார்: "கொக்கிய யாரு தம்பி பாத்துக்கிட்டு இருப்பா? டக்குன்னு சத்தம் கேக்கும். அப்புறம் ஒரு இழுப்பு இழுத்துப் பாப்போம்."

ஓசையைச் சேர்த்தோம். இழுப்பைச் சேர்க்க இயலவில்லை. கையில் பிடிக்கும் பொறி அதிரும், எதிர்த்து இழுக்காது. கொக்கி பற்றிக்கொண்டதைத் தோள் உணர்கிறதே, அந்த உணர்வை எங்கள் கருவியால் கற்பிக்க முடியாது. அச்சத்தைக்கூட ஓரளவே தர முடியும். காலின் கீழ்த் தரை உண்டென்று உடல் அறிந்தே இருக்கிறது.

இதனாலேயே ஒரு வழக்கு எழுந்தது. 80 மதிப்பெண் பெற்றவர்க்குத் திரையில் "தகுதி பெற்றார்" என்று தோன்ற வேண்டும், அவரை மறுநாளே மேலே ஏற்றலாம் என்று வாடிக்கையாளர் விரும்பினர். எங்கள் விற்பனைப் பிரிவினரும் இசைந்தனர். நாங்கள் இசையவில்லை. முறைகளின் வரிசையை அவர் அறிவார் என்பதற்கே அந்த 80 சான்று. உயரத்தில் அவர் கை நடுங்காது என்பதற்குச் சான்றன்று. மூன்று வாரம் மடல்கள் பறந்தன. முடிவில், "சாரப் பயிற்சிக்குச் செல்லலாம்" என்ற தொடர் திரையில் ஏறிற்று. ஆனால், இரண்டு நாளாக இருந்த அந்தச் சாரப் பயிற்சியை அவர்கள் அரை நாளாகச் சுருக்கிவிட்டனர் எனப் பின்னர் அறிந்தோம். அதனைத் தடுக்கும் அதிகாரம் எங்களிடம் இல்லை. அத்தொழிற்சாலையின் பாதுகாப்பு அலுவலர்க்கு எழுத்து மூலம் தெரிவித்துள்ளோம், விடை வரவில்லை.

அங்கே ஏறுபவருள் விழுப்புரத்தாரும் தருமபுரியாரும் உண்டு. எனவே தமிழ்க் குரலும் வேண்டுமென வற்புறுத்தினோம். வெளியிலிருந்து வந்த மொழிபெயர்ப்பு, "பாதுகாப்பு வார்க்கச்சையின் இணைப்புக் கண்ணியைப் பொருத்துக" என்றது. தனித்தமிழில் எங்களுக்கும் பற்று உண்டு. ஆயினும் சாரத்தின் மேல் நின்று அகராதி புரட்ட யாராலும் ஆகாது. "கொக்கிய மாட்டுங்க, இழுத்துப் பாருங்க" என்று எங்களுள் ஒருவரே குரல் கொடுத்தார். அம்முதியவர் கேட்டுவிட்டுத் தலையசைத்தார். எங்களுக்கு இதுகாறும் கிடைத்த மதிப்பெண்களுள் அதனையே உயர்ந்ததாகக் கொள்கிறோம்.

அடுத்த அறையில் இரு கருவிகள் வைத்துள்ளோம். விருந்துக்கு முன்னரே வந்து பாருங்கள். உண்ட பின் வேண்டா. முதியோர் நாற்காலியில் அமர்ந்தே அணியலாம்.