நாடகத்தை நாடகமாகக் கற்பித்தல்

நம் மாணாக்கர் பள்ளியிலே ஒருமித்த குரலில் பாடுகின்ற தமிழ்த்தாய் வாழ்த்து, பேராசிரியர் பெ. சுந்தரம் பிள்ளை 1891ஆம் ஆண்டில் வெளியிட்ட மனோன்மணீயம் என்னும் நாடகத்தின் முகப்பிலுள்ள பாயிரத்திலிருந்து எடுக்கப்பட்டது என்பதைப் பிள்ளைகள் பெரும்பாலும் அறிவார்கள்; ஆனால் அந்த வாழ்த்தைக் கடந்து, ஐந்து அங்கங்களாக விரிந்து செல்லும் அந்நாடகத்தில் யார் யாரிடம் என்ன பேசினார்கள், எதற்காகப் பேசினார்கள் என்று ஆராய்ந்து அறிந்தவர் எத்தனை பேர் என்று எண்ணிப் பார்க்கையில், நாடகம் கற்பிக்கும் முறையில் நாம் செய்யத் தவறியிருக்கும் ஒரு பெரிய காரியம் என் உள்ளத்தை வருத்துகின்றது.

செய்யுளாக இயன்ற நாடகம் பாடமாக வந்தால் நாம் பதம் பிரிக்கிறோம், பொருள் சொல்லுகிறோம், இலக்கணக் குறிப்பு எழுதச் செய்கிறோம்; பிறகு, குடிலன் சூழ்ச்சிக்காரன், சீவகன் வெள்ளை மனத்தினன், நாராயணன் உண்மை ஊழியன் என்று பாத்திரங்களின் குணங்களை ஆளுக்கொரு வரியில் எழுதிப் போடுகிறோம். இவை தவறல்ல. ஆயினும் இவ்வளவோடு நின்றுவிட்டால் மாணவன் கற்றது செய்யுளேயன்றி நாடகம் ஆகாது; ஏனெனில், நாடகத்தில் ஒருவன் பேசும் வார்த்தை கருத்தைத் தெரிவிப்பதோடு அமையாமல், எதிரே நிற்பவன் மனத்தை ஒரு பக்கம் சாய்ப்பதற்கும், ஒன்றை மறைப்பதற்கும், ஒன்றைப் பெறுவதற்கும் அவன் புரியும் செயலாகவே இருக்கின்றது.

பாண்டிய அரசன் சீவகனும் அவன் அமைச்சன் குடிலனும் சேர நாட்டுக்குத் தூது அனுப்புவதைப் பற்றி ஆலோசிக்கும் கட்டத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். மகள் மனோன்மணியைச் சேரன் புருடோத்தமனுக்கு மணம் பேசவேண்டும் என்பதும், அதற்கு நடராசனைத் தூது விடவேண்டும் என்பதும் குலகுருவாகிய சுந்தர முனிவரின் கட்டளை. குடிலன் அதை நேர் நின்று மறுத்தானா? மறுத்திருந்தால் அரசன் விழித்துக்கொண்டிருப்பான். அவன் அரசனுடைய கௌரவத்தைப் பேசுகிறான். நாஞ்சில் நாட்டு உரிமையை நடுவே நுழைக்கிறான். முடிவில் தன் மகன் பலதேவனே தூது செல்லும்படி காரியத்தைக் கொண்டுவந்து நிறுத்துகிறான். இந்தச் சம்பாஷணையை வகுப்பிலே இரண்டு மாணவர்களை எழுந்து நிற்கச் செய்து உரக்கப் படிக்க வையுங்கள். எந்த அடியில் அரசன் மனம் சாய்ந்தது என்று மற்றவர்கள் கைதூக்கிச் சொல்லட்டும். ஒருவன் ஓரடியைச் சொல்வான், மற்றொருவன் அதற்கு முன்னரே சாய்ந்துவிட்டது என்பான், இருவரும் நூலைப் புரட்டிச் சான்று தேடுவார்கள். திறனாய்வு என்பது அங்கேதான் பிறக்கின்றது.

தனிமொழிகளைக் கற்பிக்கும் இடத்திலே நாம் இன்னும் சற்று நிதானிக்க வேண்டும். நாங்கூழ்ப் புழுவையும் புல்லையும் நோக்கி நடராசன் வியந்து பேசும் பகுதியை இயற்கை வருணனை என்று சொல்லி நகர்ந்துவிடுவது நம் வழக்கம். அதற்குப் பக்கத்திலே குடிலனுடைய தனிமொழி ஒன்றை வைத்துப் படிக்கச் சொன்னால் எவ்வளவு வெளிச்சம் உண்டாகிறது! கேட்பார் எவரும் இல்லாதபோது ஒருவன் சிம்மாசனத்தை நினைக்கிறான். கேட்பார் எவரும் இல்லாதபோதே மற்றொருவன், மண்ணைக் கிளறி உழவனுக்கு உதவும் ஒரு சிறு பிராணியின் உழைப்பை நினைத்து நெஞ்சுருகுகிறான். பலர் முன்னிலையில் மனிதன் பேசுவது அவனுடைய தேவையைக் காட்டலாம். தனிமையில் அவன் மனம் தானாகச் சென்று தங்கும் இடமோ அவனையே காட்டிவிடுகின்றது. இவ்விரண்டு தனிமொழிகளையும் ஒப்புநோக்கிய பதினைந்து வயதுப் பிள்ளை, குணசித்திரத்தைப் பிறர் எழுதிய குறிப்பிலிருந்து மனப்பாடம் செய்ய வேண்டியதே இல்லை.

மற்றொரு பயிற்சியும் உண்டு. முனிவர் தம் ஆசிரமத்திலிருந்து கோட்டைக்கு அமைத்த சுரங்கத்தை எந்தக் களத்தில் யார் யார் அறிந்திருக்கிறார்கள், யார் அறியவில்லை என்று மாணவர்கள் நோட்டுப் புத்தகத்தில் கட்டம் கட்டி எழுதட்டும். நமக்குத் தெரிந்த செய்தி அரசனுக்குத் தெரியாமல் இருக்கும்போது நம் நெஞ்சு ஏன் துடிக்கிறது என்பதை அந்தக் கட்டமே அவர்களுக்குக் காட்டிக்கொடுக்கும்.

இவற்றுக்கெல்லாம் வழிகாட்டும் நூல்கள் நம்மிடம் இல்லாமல் இல்லை. பரிதிமாற் கலைஞர் நாடகத்துக்கென்றே நாடகவியல் என்னும் இலக்கணம் வகுத்தார். விபுலாநந்த அடிகள் 1926ஆம் ஆண்டில் வெளிவந்த மதங்க சூளாமணியில் ஷேக்ஸ்பியருடைய நாடகங்களைத் தமிழ்க் கண்கொண்டு ஆராய்ந்து காட்டினார். அந்த ஆராய்ச்சி பண்டிதர்களோடு நின்றுவிடாமல் பத்தாம் வகுப்புப் பலகை வரை வந்து சேரவேண்டும் என்பதே என் வேண்டுகோள்.

பாடத்திட்டத்தின் பளுவும், பாடவேளையின் சுருக்கமும் நான் அறியாதவை அல்ல. முழு நாடகத்தையும் இவ்விதம் நடத்துவது இயலாதுதான். ஒரே ஒரு களத்துக்கு இரண்டு பாடவேளைகளை மனமுவந்து கொடுங்கள் என்றுதான் கேட்கிறேன். வினாத்தாள் அமைக்கும் பெரியோர்களுக்கும் ஒரு விண்ணப்பம்: சீவகனுடைய பண்புகளை விளக்குக என்று கேட்பதற்குப் பதிலாக, சீவகன் ஏமாற்றப்பட்டானா, ஏமாறுவதற்குத் தானே இடங்கொடுத்தானா என்று கேட்டு, அவன் வாய்மொழியிலிருந்தே இரண்டு சான்றுகள் தரும்படி செய்யுங்கள். இரு பக்கத்துக்கும் சான்று அந்நூலில் இருக்கின்றது; எந்தப் பக்கம் நின்று எழுதினாலும், சான்று பொருந்தியிருந்தால் முழு மதிப்பெண் வழங்குங்கள்.