கையிருப்பில்லாக் கடையும் கைவிடாச் சொல்லும்



சரக்கை வாங்கி வைக்காமல் இணையத்தில் கடை விரித்து, வாடிக்கையாளர் பணம் செலுத்திய பின் உற்பத்தியாளரையோ மொத்த வணிகரையோ நேரே அனுப்பச் செய்யும் முறைக்கு டிராப்ஷிப்பிங் என்று பெயர். முதலீடு குறைவு, கிடங்கு வேண்டா. எளிதாயிருப்பதாலேயே இதில் இறங்குவோர் மிகுதி. ஒரே பொருளும் ஒரே படமும் நூறு கடைகளில் காணப்படுகின்றன. அங்கே புதியவர் எதனால் தனித்துத் தெரிவார்? விலையைக் குறைத்தா? மறுநாளே இன்னும் ஒரு ரூபாய் குறைப்பவர் வந்துவிடுவார்.

அமெரிக்காவின் ஜாப்போஸ் காலணிக் கடையின் வரலாறு இவ்விடத்தில் நோக்கத்தக்கது. 1999இல் நிக் ஸ்வின்மர்ன் அதைத் தொடங்கியபோது அவரிடம் சொந்தச் சரக்கு இல்லை. உள்ளூர்க் கடையிலிருந்த காலணிகளைப் படமெடுத்து இணையத்தில் இட்டார். எவரேனும் கேட்டால் அங்கேயே வாங்கி அனுப்பினார். பின்னர் உற்பத்தியாளர்களே நேராக அனுப்பும் ஏற்பாடு வந்தது. இடர்ப்பாடும் உடன் வந்தது. இருப்பதாகக் காட்டிய காலணி இல்லாமற்போயிற்று. அனுப்பியதும் உரிய நாளில் சேரவில்லை. தவறு அனுப்பியவருடையது, பழியோ கடையின் பெயருக்கு. விற்பனையில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கை ஈட்டித்தந்த அம்முறையை 2003இல் அந்நிறுவனம் அடியோடு நிறுத்திற்று. பணத்தட்டுப்பாடு நீங்காத நிலையில் அஃது எளிய முடிவன்று. வாங்கியதை 365 நாள் வரை கட்டணமின்றித் திருப்பலாம் என்றது. கேட்ட காலணி தன்னிடம் இல்லையெனில் போட்டிக் கடைகளில் தேடிச் சொல்லவும் தன் பணியாளரைப் பழக்கிற்று. 2009இல் ஏறத்தாழ 120 கோடி டாலர் மதிப்பில் அமேசான் அதனை வாங்கியது.

இன்று தொடங்கும் இளைஞரால் கிடங்கு கட்ட இயலாது. ஆனால் விற்கவிருக்கும் பொருளில் ஒன்றைத் தம் வீட்டுக்கே வரவழைத்துப் பார்க்க இயலும். பலர் இதைக்கூடச் செய்வதில்லை என்பதே வியப்பு! கண்ணாற்காணாத பொருளை, வழங்குநர் தந்த வருணனையைக் கொண்டே விற்கின்றனர். தாமே படமெடுத்து, நீளம், அகலம், எடை ஆகியவற்றை அளந்து எழுதி, துவைத்தால் சாயம் போகுமெனில் அதனையும் சொல்லிவிடும் கடை நூற்றில் ஒன்றாகத் தானே நிற்கும். வந்துசேர எட்டு நாள் ஆகுமெனில் பத்து நாள் என்றே குறிக்க வேண்டும். நானூறு பொருள்களைவிட, இவ்வாறு சோதித்த பத்துப் பொருள்கள் போதும்.

இந்தியாவின் 2020ஆம் ஆண்டு மின்வணிக நுகர்வோர் பாதுகாப்பு விதிகளின்படி, விற்பவர் வாங்கியவர்போல் நடித்து மதிப்புரை எழுதலாகாது. பெற்ற புகாரை 48 மணி நேரத்துக்குள் ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். இவற்றைச் சுமையெனக் கருதி ஒரு மூலையில் ஒளிப்போர் உண்டு. புதிய கடை, புகார் ஏற்பவரின் பெயரையும் தொலைபேசி எண்ணையும் முதற்பக்கத்திலேயே இடலாம். உடைந்த பொருள் போய்ச்சேர்ந்தால், வழங்குநர் ஈடு தருவாரா என்று காத்திராமல் வாங்கியவரின் பணத்தை முதலில் திருப்பிவிடலாம். அதற்கான தொகையைத் தொடக்கத்திலேயே விலைக்கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.