குலமும் மனமும்



பெண் பார்க்கப் புறப்படுமுன், "அந்த வீட்டில் யாருக்காவது சித்தப்பிரமை உண்டா?" என்று அண்டை அயலாரிடம் காதோடு காதாக விசாரித்து, உண்டென்று தெரிந்தால் அந்தச் சம்பந்தத்தையே கைவிட்டுவிடும் வழக்கம் நம்மிடையே நெடுநாளாக இருந்துவருகிறது. மனநோய் குலத்தோடு வருவது என்னும் அச்சமே அதற்கு மூலம். அந்த அச்சத்தில் மெய் எவ்வளவு, மிகை எவ்வளவு என்று நிறுத்துப் பார்க்கவே இச்சபையில் சில நிமிஷங்களை வேண்டுகிறேன்.

மெய் இல்லாமலில்லை. மனச்சோர்வு நோயைப் பற்றிய இரட்டையர் ஆராய்ச்சிகளைத் திரட்டி 2000-ஆம் ஆண்டில் வெளிவந்த கணக்கு, மக்கள் தொகுதியில் அந்நோய் சிலருக்கு வந்து சிலருக்கு வாராதிருக்கும் வேற்றுமையில் ஏறத்தாழ 37 சதவீதம் பரம்பரையைச் சார்ந்தது என்கிறது. கணவனைப் பறிகொடுத்து மாதங்கள் கழிந்தும், துக்கம் என்று சொல்லத் தெரியாமல், "தலை பாரமாயிருக்கிறது, வயிறு எரிகிறது" என்றே வைத்தியரிடம் முறையிடும் பெண்ணை நீங்கள் கண்டிருப்பீர்கள். தன் உணர்ச்சி இன்னதென்று தனக்கே விளங்காத இத்தகைய சுபாவத்திலும், டென்மார்க்கு நாட்டில் ஆயிரக்கணக்கான இரட்டையரை ஆராய்ந்து 2007-இல் வெளியிட்ட முடிவின்படி, மூன்றில் ஒரு பங்களவு வேற்றுமை பிறப்போடு வந்ததே.

இனி, மிகையைப் பார்ப்போம். நியூசிலாந்தின் டுனிடின் நகரில் பிறந்தவர்களைத் தொடர்ந்து ஆராய்ந்தவர்கள், குறிப்பிட்ட ஒரு மரபணுவின் குறுகிய வடிவத்தை உடையவர்கள் வாழ்க்கையில் இடிபட்டால் எளிதில் சோர்வுக்கு ஆளாகிறார்கள் என்று 2003-இல் அறிவித்தபோது, உலகமே அதைக் கொண்டாடியது. ஆனால் 2019-இல், லட்சக்கணக்கானோரின் விவரங்களை வைத்து, அந்த மரபணு உட்படப் பெயர்பெற்ற பதினெட்டு மரபணுக்களைச் சோதித்தபோது, கண்ணை மூடிக்கொண்டு பொறுக்கிய மரபணுக்களைவிட அவை எவ்விதத்திலும் மேம்பட்டவையாகத் தோன்றவில்லை. தனியொரு "பைத்திய மரபணு" கிடையாது. அற்பமான வலிமையுடைய எண்ணற்ற மரபணுக்கள் எல்லா வீடுகளிலும் கலந்தே கிடக்கின்றன. மரபணுவெல்லாம் ஒன்றாயுள்ள இரட்டையரில் ஒருவரை மனச்சிதைவு நோய் பற்றினாலும், மற்றவர்களில் பாதிப்பேரேனும் அது அண்டாமலே வாழ்கிறார்கள் என்றால், பிறப்பை விதியென்பது எப்படிப் பொருந்தும்?

ஆதலால் பெரியோர்களே, தந்தைக்குச் சர்க்கரை நோய் இருந்ததென்று கூசாமல் சொல்லும் நாம், தாய்மாமனுக்கு மனநோய் இருந்ததையும் மருத்துவரிடம் அவ்வாறே சொல்லக் கற்போமாக. மறைத்த வீட்டில் நோய் முற்றிய பின்னரே வைத்தியம் தொடங்குகிறது. சொல்லிய வீட்டிலோ, உறக்கம் கெட்ட முதல் வாரங்களிலேயே உதவி தேட வழி பிறக்கிறது. குலம் கொடுத்ததை நம்மால் மாற்ற முடியாது. அதை ஒளித்துவைக்கும் வழக்கத்தை மாற்ற முடியும்.