டாலர் சம்பளமும் கலிபோர்னியா வீடும்

(செகந்திராபாத்தில் நடைபெற்ற அங்கத்தினர்கள் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



எனக்குக் கொடுக்கப்பட்ட தலைப்பு, வெளிநாட்டில் உள்ள நம் பிள்ளைகளின் பொருளாதார நிலை. அமெரிக்கா முழுவதையும் பேச நேரம் போதாது. ஆகையால் கலிபோர்னியாவை மட்டும், அதிலும் வீட்டுச் செலவை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். காரணம் உண்டு. மாரேட்பள்ளியிலும் பத்மராவ் நகரிலும் நம்மவர் வீடுகளில் இப்போது அடிக்கடி எழும் பேச்சு இது: "பையன் அங்கே வீடு வாங்கப் போகிறான். முன்பணம் போதவில்லை. இந்த வீட்டை விற்று அனுப்பலாமா?"

முதலில் கணக்கைப் பார்ப்போம். 2024 ஏப்ரலில் கலிபோர்னியாவில் தனி வீட்டின் நடு விலை 9 லட்சம் டாலரைத் தாண்டியது. நடு விலை என்றால் விற்ற வீடுகளில் பாதி அதற்கு மேல், பாதி அதற்குக் கீழ். நம் பிள்ளைகள் அதிகம் இருக்கும் சான் ஹோசே, சன்னிவேல், க்யூபர்டினோ அடங்கிய சாண்டா கிளாரா மாவட்டத்தில் அது ஏறக்குறைய 20 லட்சம் டாலர்.

நம் பையன் சற்று அடக்கமாக 15 லட்சம் டாலரில் ஒரு வீடு பார்க்கிறான் என்று வைத்துக்கொள்வோம். சம்பளம் வருஷத்துக்கு 2 லட்சம் டாலர். டாலருக்கு 90 ரூபாய் என்று போட்டால் 1 கோடியே 80 லட்சம் ரூபாய். கேட்கவே நமக்கு மூச்சு முட்டுகிறது. ஆனால் மத்திய வரி, மாநில வரி, சமூகப் பாதுகாப்புச் சந்தா எல்லாம் போக மாதம் கைக்கு வருவது சுமார் 12,000 டாலர். வீட்டுக்கு 20 சதவீதம் முன்பணம், அதாவது 3 லட்சம் டாலர் கட்டிவிட்டு, மீதி 12 லட்சத்துக்கு ஆறரை சதவீத வட்டியில் 30 வருஷக் கடன் வாங்கினால் மாதத் தவணை சுமார் 7,600 டாலர். சொத்து வரி மாதம் 1,500 டாலர். இன்ஷூரன்ஸ் தனி. மிஞ்சுவது மூவாயிரத்துக்கும் குறைவு. அதில் கார், பெட்ரோல், சாப்பாடு, வைத்தியம் எல்லாம் நடக்க வேண்டும். மருமகளும் வேலைக்குப் போனால் குழந்தைக் காப்பகத்துக்கு மாதம் 2,000 டாலருக்கு மேல் ஆகும். நாமும் சம்பந்திகளும் ஆறாறு மாதம் முறை வைத்துப் போவது வெறும் பாசத்துக்காக மட்டும் அல்ல என்பது உங்களுக்குத் தெரியும்!

இந்த விலை ஏன்? கடலும் மலையும் நிலத்தைச் சுருக்குகின்றன என்பது ஓரளவு உண்மை. கம்ப்யூட்டர் கம்பெனிகள் குவிந்ததும் உண்மை. ஆனால் ஹைதராபாதிலும் 1998-ல் சைபர் டவர்ஸ் திறந்த பிறகு கம்பெனிகள் குவிந்தனவே. இங்கே என்ன நடந்தது? மாரேட்பள்ளியில் தனி வீடு வைத்திருந்தவர் அதைப் பில்டரிடம் கொடுத்தார். அந்த மனையில் பத்துப் பன்னிரண்டு ஃபிளாட் எழும்பின. அவருக்கும் பங்கு கிடைத்தது, பலருக்கும் வீடு கிடைத்தது. 2006-ல் கட்டட விதிகளை மாற்றி, மனையின் அளவுக்கு இத்தனை மடங்குதான் கட்டலாம் என்ற உச்சவரம்பையே எடுத்துவிட்டார்கள். மேற்கே நானக்ராம்குடா, நார்சிங்கி பக்கம் நிற்கும் கோபுரங்களுக்கு அதுவும் ஒரு காரணம். தண்ணீரும் போக்குவரத்தும் படும் பாடு வேறு விஷயம். ஆனால் வீடு பெருகியது.

கலிபோர்னியாவில் அது நடக்கவில்லை. பெரும்பாலான ஊர்களில் குடியிருப்பு மனையில் ஒரு குடும்பத்துக்கான ஒரு வீடுதான் கட்டலாம் என்று விதி வைத்தார்கள். 1970-ல் வந்த சுற்றுச்சூழல் சட்டத்தைக் காட்டி, பக்கத்துத் தெருக்காரர்கூட அடுக்குமாடிக் கட்டடத்தின் மேல் வழக்குப் போட முடிந்தது. 1978-ல் ஜனங்கள் வாக்களித்து நிறைவேற்றிய 13-ஆம் பிரேரணை இன்னொன்று. அதன்படி சொத்து வரி, வாங்கிய விலையில் அடிப்படையாக ஒரு சதவீதம். வரிக்கான மதிப்பு வருஷத்துக்கு 2 சதவீதத்துக்கு மேல் ஏறக்கூடாது. வயதானவர்கள் வரி கட்ட முடியாமல் வீட்டை இழக்கக்கூடாது என்ற நல்ல எண்ணமும் அதில் இருந்தது. ஆனால் 1980-ல் வாங்கியவர் சொற்ப வரி கட்டுகிறார், அதே மாதிரி அடுத்த வீட்டை இன்று வாங்குகிறவர் பல மடங்கு கட்டுகிறார். பழைய வீட்டுக்காரர் ஏன் விற்கப்போகிறார்?

2021-ல் ஒரு மனையில் இரண்டு வீடு கட்ட அனுமதித்தார்கள். 2025-ல் ஊருக்குள் கட்டும் குடியிருப்புகளுக்குச் சுற்றுச்சூழல் சட்டத்திலிருந்து விலக்கு அளித்தார்கள். அதே வருஷம் ரயில் நிலையங்களை ஒட்டி உயர்ந்த கட்டடங்களுக்கும் வழி செய்தார்கள். ஐம்பது வருஷ முடிச்சு ஐந்து வருஷத்தில் அவிழாது. இதற்கிடையே காட்டுத் தீயினால் இன்ஷூரன்ஸும் சிக்கலாகிவிட்டது. 2025 ஜனவரியில் லாஸ் ஏஞ்சலிஸ் எரிந்ததை டி.வி.யில் எல்லோரும் பார்த்தோம்.

இப்போது நம் கேள்விக்கு வருகிறேன். 3 லட்சம் டாலர் என்பது 2 கோடியே 70 லட்சம் ரூபாய். ரிசர்வ் வங்கியின் எல்.ஆர்.எஸ். திட்டத்தில் ஒருவர் ஒரு நிதியாண்டில் இரண்டரை லட்சம் டாலர் வரைதான் அனுப்பலாம். ஆகவே கணவனும் மனைவியும் சேர்ந்துதான் அனுப்ப வேண்டும். ஆளுக்கு 10 லட்சம் ரூபாய்க்கு மேற்பட்ட தொகையில் 20 சதவீதம் வங்கி டி.சி.எஸ். பிடிக்கும். நம் உதாரணத்தில் அது 50 லட்சம் ரூபாய். ரிட்டர்ன் போட்டால் நம் வரிக்குக் கழித்துக்கொண்டு மீதி திரும்பி வரும். ஆனால் அதுவரை அந்தப் பணம் நம்மிடம் இருக்காது. வீடு விற்ற லாபத்துக்கும் வரி உண்டு. விற்று மறுபடி வீடு வாங்கினால் கிடைக்கும் விலக்கு, இந்தியாவில் வாங்கும் வீட்டுக்கு மட்டுமே. அங்கே பையனும், வெளிநாட்டிலிருந்து ஒரு லட்சம் டாலருக்கு மேல் அன்பளிப்பு வந்தால், வரி இல்லாவிட்டாலும், வருமானவரித் துறைக்குத் தெரிவிக்க வேண்டும்.

எல்லாவற்றையும் விட முக்கியமானது: பையன் எச்-1பி விசாவில் இருந்தால், வேலை போன நாளிலிருந்து வழக்கமாக 60 நாள்தான் அவகாசம். அதற்குள் வேறு வேலை கிடைக்காவிட்டால் கிளம்ப வேண்டும். தவணை நிற்காது. அப்போது அவன் குடும்பத்தோடு வந்து இறங்க இங்கே ஒரு வீடு இருக்க வேண்டாமா? அதையும் விற்றுவிட்டால்?

ஆகவே என் அபிப்பிராயத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பிள்ளைகளின் சம்பளத்தை ரூபாயில் பெருக்கிப் பார்க்காதீர்கள். அவர்கள் செலவு டாலரில். "எலி வளையானாலும் தனி வளை" என்று அவர்களைத் துரிதப்படுத்தாதீர்கள். 15 லட்சம் டாலர் வளைக்குள் எலி நிம்மதியாகத் தூங்காது. அங்கே வாடகை வீட்டில் இருப்பது கௌரவக் குறைவு அல்ல. பலர் டெக்ஸாஸுக்கு மாறுவதும் தோல்வி அல்ல. அங்கே மாநில வருமான வரி கிடையாது. சொத்து வரி விகிதம் அதிகம் என்றாலும் வீட்டு விலை வெகுவாகக் குறைவு.

உதவி செய்ய வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. உபரியாக இருப்பதிலிருந்து கொடுங்கள். அன்பளிப்பா, கைமாற்றா என்பதை எல்லாப் பிள்ளைகளுக்கும் தெரியும்படி எழுதி வையுங்கள். இல்லாவிட்டால் பிற்பாடு அண்ணன் தம்பிக்குள் மனஸ்தாபம் வரும். நாம் குடியிருக்கும் வீடும், வைத்தியத்துக்கென்று ஒதுக்கிய டெபாசிட்டும் அந்தக் கணக்கில் சேரக்கூடாது. எண்பது வயதில் நாம் கையேந்தாமல் இருப்பதே, அவ்வளவு தூரத்தில் இருக்கும் பிள்ளைக்கு நாம் செய்யும் பெரிய உதவி.