லட்சுமிபாய் திலக்: ஓர் இல்லத் தலைவியின் விசுவாசம்

நம் நாட்டு மொழிகள் பலவற்றிலும் சுயசரிதைகள் தோன்றியுள்ளன. அவற்றுள் பெண்மணிகள் எழுதியவை சிலவே. முறையாகப் பள்ளியில் பயிலாத ஒரு பெண்மணி எழுதிய நூல், ஒரு மொழியின் தலைசிறந்த உரைநடை நூல்களுள் ஒன்றாக மதிக்கப்படுவது மிக அரிது. மராத்தி மொழிக்கு அந்தப் பேறு கிட்டியது. 1934ஆம் ஆண்டு முதல் பகுதி பகுதியாக வெளிவந்த அந்நூலின் பெயர் 'ஸ்மிருதி சித்திரே'. நினைவுச் சித்திரங்கள் என்பது அதன் பொருள். அதை எழுதிய லட்சுமிபாய் திலக் அவர்களின் வாழ்க்கையை இன்று சிறிது நினைவுகூர்வோம்.

திலக் என்றதும் நமக்கு லோகமான்யரே நினைவுக்கு வருவார். லட்சுமிபாயின் கணவர் அவரல்லர். கவிஞர் நாராயண வாமன் திலக் ஆவார்.

லட்சுமிபாய் 1868இல் நாசிக்கை அடுத்த ஜலால்பூரில் ஆசாரம் மிகுந்த அந்தணர் குடும்பத்தில் பிறந்தார். தானியத்தை மட்டுமன்றி உப்பையும் சர்க்கரையையும்கூடக் கழுவிய பின்னரே வீட்டினுள் சேர்க்கும் அளவுக்கு அவருடைய தந்தைக்குத் தீட்டின்மேல் அச்சம் இருந்தது. பிற்காலத்தில் இதையெல்லாம் லட்சுமிபாய் நகைச்சுவையுடன் எழுதினார். ஆனால் அந்த அச்சம் அவருடைய இரத்தத்திலும் ஊறியிருந்தது என்பதை நாம் மறத்தலாகாது. 11ஆம் வயதில் அவருக்குத் திருமணம் நடந்தது. கணவரோ ஓரிடத்தில் நிலைகொள்ளாதவர். கையில் உள்ளதைக் கேட்டவருக்குக் கொடுத்துவிடுபவர்.

இரயில் பயணம் ஒன்றில் ஐரோப்பியர் ஒருவர் அக்கவிஞருக்குப் புதிய ஏற்பாட்டைப் படிக்கக் கொடுத்தார். அதில் அவர் மனம் தோய்ந்தது. 1895 பிப்ரவரியில் பம்பாயில் அவர் ஞானஸ்நானம் பெற்றார். மனைவியிடம் முன்னதாகச் சொல்லவில்லை. செய்தி கேட்ட லட்சுமிபாய் நிலைகுலைந்து போனார். அக்காலச் சமுதாயத்தில் அவர் சுமங்கலியும் அல்லர், கைம்பெண்ணும் அல்லர். சிறு மகனுடன் உறவினர் ஆதரவில் சில ஆண்டுகள் பிரிந்து வாழ்ந்தார். அத்துயரினூடே கவிதைகள் புனைந்தார்.

பின்னர் அவர் கணவரிடம் திரும்பினார். ஆயினும் மதம் மாறுவதற்காகத் திரும்பவில்லை. கணவர் கிறிஸ்தவராகவே இருந்தார். மனைவி தமக்கெனத் தனிச் சமையலும் தனித் தண்ணீரும் வைத்துக்கொண்டு பழைய ஆசாரத்தைக் காத்தார். கணவர் அவரை வற்புறுத்தவில்லை. சாதிகளை மனிதனே வகுத்தான், இறைவன் வகுக்கவில்லை என்னும் தெளிவு நாளடைவில் லட்சுமிபாயின் சொந்தச் சிந்தனையிலேயே பிறந்தது. பிறர் கைத் தண்ணீரை அருந்தினார். அன்று உடைந்தது ஒரு பழக்கம் மட்டுமன்று. தந்தை வீட்டிலிருந்து சுமந்து வந்த அச்சமும் உடைந்தது. 1900இல் அவர் ஞானஸ்நானம் பெற்றார். கணவனைப் பின்பற்றுவதே மனைவியின் கடமை என்று கருதப்பட்ட அக்காலத்தில், விசுவாசத்தை மட்டும் அவர் இரவலாகப் பெறவில்லை.

அவ்விசுவாசத்தின் அளவை அறிய வேண்டுமானால் அவருடைய அடுக்களையைப் பார்த்தல் வேண்டும். அகமதுநகரில் அவர்கள் வாழ்ந்த இல்லத்தில் ஆதரவற்ற குழந்தைகள் வளர்ந்தார்கள். பின்னாளில் 'பாலகவி' எனப் புகழ்பெற்ற இளங்கவிஞர் தோம்பரேயும் அவ்வீட்டில் மகன்போல் தங்கியிருந்தார். அவர் இந்துவாகவே வந்தார், இந்துவாகவே வாழ்ந்தார். அதனால் லட்சுமிபாயின் அன்பு குறையவில்லை. அவ்விளங்கவிஞர் 1918இல் இரயில் விபத்தில் மாண்டபோது, பெற்ற மகனை இழந்தாற்போல் அவ்வன்னை துயருற்றார்.

கணவர் 1917இல் மிஷன் ஊதியத்தைத் துறந்து துறவியைப்போல் வாழத் தொடங்கினார். குடும்பச் சுமை மனைவியின் தோளில் ஏறியது. 1919இல் கணவர் காலமானார். கிறிஸ்துவின் வரலாற்றைக் காவியமாகப் பாட அவர் தொடங்கிய 'கிறிஸ்தாயன்' முற்றுப்பெறாமல் நின்றது. முறையான கல்வியில்லாத மனைவியே அதைத் தொடர்ந்து பாடி முடித்தார். நம் தமிழில் கிருஷ்ண பிள்ளை 'இரட்சணிய யாத்திரிகம்' பாடியதை இங்கு நினைத்துப் பார்க்கலாம். இரண்டு கவிஞர்களும் பிறந்த மரபின் செய்யுள் வளத்தைக் கைவிடாமலே புதிய சமயத்தைப் பாடினார்கள். லட்சுமிபாய் 1936 பிப்ரவரியில் மறைந்தார்.

மொழிபெயர்ப்புப் பணியில் உள்ள நம்மைப் போன்றோர்க்கு 'நினைவுச் சித்திரங்கள்' ஒரு சோதனை. அதன் சொற்கள் எளியவை. முற்றத்திலும் கிணற்றடியிலும் பேசப்படுபவை. ஆனால் அவற்றின் நகைப்புக்கு உள்ளே ஆறாத வடு ஒன்று இருக்கிறது. கணவரின் பெருமையைச் சொல்லும் அதே வாயால், தம்மிடம் சொல்லாமல் அவர் சென்ற கொடுமையையும் அவர் சொல்கிறார். கசப்பும் இல்லை, மறைப்பும் இல்லை.

ஒரே வீட்டில் ஒருவருடைய நம்பிக்கை மாறும்போது மற்றவர் என்ன செய்வது என்னும் கேள்வி இன்றும் பல குடும்பங்களில் எழுகிறது. லட்சுமிபாய் அதற்கு விதி எதையும் எழுதிவைக்கவில்லை. ஆனால் அவரை எவரும் அவசரப்படுத்தாதபோதுதான் அவருக்குத் தெளிவு வந்தது. அந்தப் பொறுமையைத்தான் பின்னர் அவர் தம் வீட்டிற்கு வந்தவர்களுக்கும் அளித்தார்.