பெயரிலேயே இருந்த மருந்து

ஒரு கவளம் சோற்றை மென்று விழுங்குகிறோம். அதற்கு எச்சில் வேண்டும் என்பதை யாரும் நினைத்துப் பார்ப்பதில்லை. ஒரு நாளைக்குச் சுமார் 1 லிட்டர் எச்சில் சுரக்கிறது. அது வற்றிப்போனால் தயிர்சாதம்கூடத் தொண்டையில் நிற்கும். இரவில் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். நாலைந்து தடவை எழுந்து வாயை நனைக்க வேண்டியிருக்கும். ஈறோரத்தில் பல் வரிசையாகச் சொத்தையாகும். வாய், தொண்டைப் புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு எடுத்துக்கொண்ட பலர் இந்த வேதனையோடுதான் நாளைக் கடத்துகிறார்கள். அவர்களுக்கு மருத்துவர்கள் எழுதித் தரும் மாத்திரைகளில் ஒன்று பைலோகார்பின். இன்று அதன் கதை.

கதை தொடங்குவது பிரேசிலில். அங்கே ஒரு குத்துச்செடி. நம் எலுமிச்சை, வில்வம், கறிவேப்பிலைக் குடும்பத்தைச் சேர்ந்தது. எலுமிச்சை இலையை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள், ஊசியால் குத்தியதுபோலப் புள்ளிகள் தெரியும். அவை எண்ணெய்ச் சுரப்பிகள். இந்தச் செடியின் இலையிலும் அதே புள்ளிகள் உண்டு. துப்பி மொழி பேசிய பழங்குடிகள் இதற்கு வைத்த பெயரிலிருந்து வந்ததுதான் ஜாபொராண்டி. எச்சில் ஒழுக வைப்பது என்று அதற்குப் பொருள் சொல்கிறார்கள்.

1870களின் நடுவில் சிம்ஃப்ரோனியோ கூட்டின்யோ என்ற பிரேசில் மருத்துவர் இந்த இலைகளைப் பாரிஸுக்குக் கொண்டுபோனார். இலையை வெந்நீரில் ஊறவைத்துக் குடிக்கக் கொடுத்தார்கள். சில நிமிடங்களில் முகம் சிவந்தது, உடம்பெல்லாம் வியர்த்தது, வாயில் எச்சில் நிற்காமல் ஊறியது. 1875இல் பிரான்சில் ஹார்டி என்பவரும் இங்கிலாந்தில் ஜெரார்ட் என்பவரும் தனித்தனியே இலையின் சத்தைப் பிரித்தெடுத்தார்கள். அதுதான் பைலோகார்பின்.

ஆனால் அன்றைய மருத்துவர்களின் கண்ணில் பட்டது வியர்வைதான். வியர்த்தால் நோய் வெளியேறும் என்று நம்பிய காலம் அது. அடுத்து கண் மருத்துவர்கள் எடுத்துக்கொண்டார்கள். கண் நீர் அழுத்தத்தைக் குறைக்கும் சொட்டு மருந்தானது. கேம்பிரிட்ஜில் ஜான் லாங்லி என்ற உடலியல் ஆய்வாளர் எச்சில் சுரப்பியிலேயே சோதித்தார். அட்ரோபின் என்ற மருந்து சுரப்பை நிறுத்தியது, பைலோகார்பின் திரும்பவும் தொடங்கி வைத்தது. எது அதிகமோ அது வென்றது. அப்படியானால் இரண்டும் போய் ஒட்டிக்கொள்ளும் ஏதோ ஒரு பொருள் உடலுக்குள் இருக்க வேண்டும் என்று 1878இல் எழுதினார். இன்று ஏற்பி என்று நாம் படிக்கும் கருத்துக்கு அது ஒரு வித்து.

வேலை செய்யும் விதம் இதுதான். எச்சில் சுரக்கும்படி நரம்பு அனுப்பும் தூது அசிட்டைல்கோலின். பைலோகார்பின் அந்தத் தூதுபோலவே போய்ச் சுரப்பியைத் தட்டி எழுப்புகிறது. சுரப்பியில் கொஞ்சமாவது உயிர் மிச்சமிருந்தால்தான் பலன்.

இத்தனை தெரிந்தும் வறண்ட வாய்க்கு ஏன் யாரும் முறைப்படி இதைக் கொண்டுவரவில்லை? வாய் காய்வதை ஒரு நோயாகவே எண்ணவில்லை என்பதுதான் என் பதில். கதிர்வீச்சால் பிழைத்தவர்கள் பெருகிய பிறகே அந்தக் குறை காதில் விழுந்தது. 1993இல் 207 பேரை வைத்து நடந்த ஓர் ஆய்வு வெளியானது. 5 மில்லிகிராம் மாத்திரையை நாளுக்கு மூன்று வேளை எடுத்தவர்களில் 44 சதவீதம் பேருக்கு வறட்சி குறைந்தது. வெற்று மாத்திரை எடுத்தவர்களில் 25 சதவீதம் பேருக்கு. 1994இல் அமெரிக்கா அனுமதி தந்தது. உடலின் எதிர்ப்புச் சக்தியே எச்சில், கண்ணீர்ச் சுரப்பிகளைத் தாக்கும் ஷோக்ரன் நோய்க்கு 1998இல் அனுமதி கிடைத்தது. பாரிஸில் எச்சில் ஊறியதைப் பார்த்த பிறகு முதல் அனுமதி வருவதற்குள் சுமார் 120 வருடம் ஓடிவிட்டது.

அந்தப் பழைய வியர்வை இன்றும் பக்கவிளைவாக வருகிறது. அடிக்கடி சிறுநீர் போகலாம். கட்டுக்குள் வராத ஆஸ்துமா உள்ளவர்களும் குறுங்கோணக் கண் அழுத்த நோய் உள்ளவர்களும் இதை எடுக்கக் கூடாது. மருந்துச் சீட்டு இல்லாமல் வாங்கவே வாங்காதீர்கள்.

காட்டிலும் ஒரு விலை கொடுத்தோம். இலைக்காக ஒட்டப் பறித்ததில் செடி அருகிப்போய், அழியும் ஆபத்தில் உள்ளவற்றின் பட்டியலில் பிரேசில் அதைச் சேர்க்க வேண்டியதாயிற்று.

உங்கள் வீட்டில் யாராவது வாய் காய்கிறது என்று சொன்னால், தண்ணீர் குடி என்பதோடு விட்டுவிடாதீர்கள். மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். சிலருக்கு அவர்கள் சாப்பிடும் வேறொரு மாத்திரையே காரணமாக இருக்கும். சிலருக்கு இந்த இலையின் மருந்து உதவும். அந்தக் குறையைக் காது கொடுத்துக் கேட்க மருத்துவ உலகத்துக்கு 120 வருடம் பிடித்தது. நமக்கு ஒரு நாள் போதும்.