சொப்பரும் நமது மலைப்பாதையும்

பாடசாலை அதிபர் ஒருவர் மோட்டார் சைக்கிள்மீது மையல் கொண்டிருத்தல் சிலருக்கு வியப்பாகத் தோன்றலாம். இளைஞர் பலரின் உள்ளங்கவர்ந்த 'சொப்பர்' வண்டியை உலகறியச் செய்தது 1969இல் வெளிவந்த 'ஈசி ரைடர்' என்னும் அமெரிக்கத் திரைப்படம். பொலிசார் ஏலத்தில் விற்ற ஹார்லி டேவிட்சன் வண்டிகளை வெட்டியும் நீட்டியும் அதற்கென ஆக்கினர். ஆக்கிய கிளிஃப் வாஸ், பென் ஹார்டி என்னும் கறுப்பினத்தவர் இருவரின் பெயரும் படத்தில் காட்டப்படவில்லை என்பது என் நெஞ்சை உறுத்துகின்றது.

சொப்பரின் முன்சக்கரத்தைத் தாங்கும் தண்டுகள் நீண்டு சாய்ந்தவை. ஆதலின் நேர்பாதையில் அது அசையாது ஓடும். ஒடுங்கிய வளைவிலோ எளிதில் திரும்பாது. நமது உக்குவளைச் சுற்றுப்புறத்து மலைப்பாதைகளில் வளைவுக்குக் குறைவேது? போதாக்குறைக்கு, பழைய வண்டியின் தண்டுகளை வெட்டி, இடையே இரும்பை ஒட்டி நீட்டவும் சிலர் விழைகின்றனர். இறக்கத்தில் தடையை அழுத்துங்கால் பாரத்தின் பெரும்பகுதி முன்னோக்கிச் சாயும். அதனைத் தாங்க வேண்டியது அவ்வொட்டே! அது விட்டால் உயிருக்கே ஆபத்து.

இவ்வளைவுகளுக்கு ஏற்றது, சக்கரங்கள் நெருங்கிய, எடை குறைந்த சிறு விரைவு வண்டியே. 1959இல் ஹொண்டா நிறுவனம் வெளியிட்ட 'சீபீ 92' வண்டியின் 125 சீசீ இயந்திரம் 15 குதிரைவலுவை ஈந்தது. மலையேற அதற்குமேல் எதற்கு?